ரத்தம் சொல்லாதது

மலேசியாவின் வடக்கே, சுங்கை பட்டாணியில் நான் வாடகைக்குப் போன முதல் நாள், சாமான் லாரி வாசலில் நிற்கும்போதே பக்கத்து வீட்டுக் கம்பி வேலிக்கு மேலாக ஒரு முகம் தெரிந்தது. நரைத்த முடியை இறுக்கிக் கொண்டை போட்டு, கண்ணாடி அணிந்த ஓர் அம்மாள். என் பெயரைக் கேட்கவில்லை. எந்த ஊர் என்றும் கேட்கவில்லை.

"ஒத்த ஆளாவா வந்திருக்க? புருஷன் எங்க?"

"பிரிஞ்சிட்டோம் ஆன்ட்டி."

"அடிச்சானா? இல்ல, நீயாத்தான் கெளம்பி வந்திட்டியா?"

நான் கதவைச் சாத்திக்கொண்டேன். இப்படியும் ஒரு பெண்மணியா என்று உடம்பெல்லாம் எரிந்தது. மறுநாள் காலையில் துணி காயப்போட வெளியே வந்தால் அதே இடத்தில், கையில் கோப்பிக் குவளையோடு நின்றிருந்தார்.

"நேத்து கேட்டதுக்கு இன்னும் பதில் வரலியேலா."

ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். என் அம்மாவும் அக்காவும்கூட அதுவரை என்னிடம் நேராகக் கேட்டதில்லை. அவர்கள் என்னைச் சுற்றிச் சுற்றி வந்து, பெருமூச்சு விட்டு, பக்கத்து அறைக்குப் போய்ப் பேசிக்கொள்வார்கள். ஆன்ட்டி நடுவில் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் கேட்டார். நான் அழுது முடித்ததும் இன்னொரு கேள்வி வந்தது.

"காலையில என்ன சாப்ட்ட?"

கேட்பதுதான் அவர். வேறு எப்படி அவரைச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. சனிக்கிழமைகளில் என்னைத் தஞ்சோங் டாவாய்க்கு மீன் வாங்கக் கூட்டிப்போகச் சொல்வார். மீன் விற்கும் மலாய்க்காரரிடம் எந்தப் படகு, எப்போது கரைக்கு வந்தது, ஐஸ் எப்போது போட்டது என்று விசாரித்துவிட்டுத்தான் மீனைத் தொடுவார். தேவாலயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை யோபுவைப் பற்றிப் பிரசங்கம். பூசை முடிந்து வாசலில் நின்ற பாதிரியாரிடம் போனார். "ஃபாதர், யோபுவோட மொதப் பிள்ளைங்க எல்லாம் செத்துப்போச்சே. அப்புறம் ஆண்டவரு புதுசா பிள்ளைங்க குடுத்தாரு, சரி. செத்துப்போனதுக்கு அது ஈடாயிடுமா?" பாதிரியார் இளைஞர். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். அடுத்த ஞாயிறு, "யோசிச்சீங்களா ஃபாதர்?" என்று ஆன்ட்டி வரிசையில் முதல் ஆளாக நின்றார்.

எல்லாருக்கும் இது பிடித்திருந்தது என்று சொல்லமாட்டேன். ஒரு கல்யாண மண்டபத்தில், பிள்ளை இல்லாத ஒரு பெண்ணிடம் சாப்பாட்டு மேசையிலேயே, "யாருக்குப் பிரச்சின, உனக்கா அவருக்கா? ரெண்டு பேரும் டெஸ்ட் எடுத்தீங்களா?" என்று கேட்டுவிட்டார். அந்தப் பெண் இலையில் பாதிச் சோறோடு எழுந்து போனாள். வீடு திரும்பும் வழியில் நான் கோபமாகப் பேசினேன். ஆன்ட்டி சாலையைப் பார்த்தபடியே சொன்னார்.

"எங்கப்பா செத்தப்ப எனக்குச் சின்ன வயசு. சுங்கை லாலாங் பக்கத்துல ரப்பர் தோட்டத்துல இருந்தோம். தோட்டத்து ஆஸ்பத்திரியில கொண்டுபோய்ப் போட்டாங்க. ஒரு வாரம் கெடந்தாரு, செத்துப்போயிட்டாரு. என்ன நோவுன்னு இன்னிக்கு வரைக்கும் எங்களுக்குத் தெரியாது. எங்கம்மா கேக்கல. பெரியப்பா கேக்கல. வெள்ளச் சட்ட போட்டவன்கிட்ட எப்படிக் கேக்குறதுன்னு பயம். கேக்காம விட்டா நம்ம மனசே ஒரு பதில உண்டாக்கிக்கும்மா. அது நெசத்தவிட மோசமா இருக்கும்."

பிறகு, "அந்தப் பொண்ணு வீடு எங்க இருக்கு?" என்று கேட்டார். மறுநாள் போய் அவளைப் பார்த்துவிட்டும் வந்தார்.

அவருடைய கணவர் இதற்கு நேர் எதிர். ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர். பல வருடம் பாலிங் வழியாகத் தாய்லாந்து எல்லையைக் கடந்து சரக்கு ஏற்றிப்போனவர். வாயிலிருந்து அதிகம் வருவது "ம்" என்ற ஒரே எழுத்துதான். எங்களுடையது வரிசை வீடுகள். நடுச்சுவர் மெல்லியது. நாள் முழுக்க அந்தப் பக்கத்திலிருந்து ஆன்ட்டியின் கேள்விகளும் அங்கிளின் "ம்" களும் கேட்டுக்கொண்டிருக்கும். மகள் கல்யாணமாகி ஜொகூரில் இருந்தாள். நான் வீட்டிலேயே கேக் செய்து விற்றுக்கொண்டிருந்தேன். அடுப்பு சூடாகும்வரை அந்தச் சத்தம்தான் எனக்குத் துணை.

அங்கிளின் கழுத்தில் வந்த கட்டியைக் கண்டுபிடித்ததுகூட ஆன்ட்டியின் ஒரு கேள்விதான். அங்கிள் முடி வெட்டிக்கொண்டு வந்திருந்தார். "வலது பக்கம் காதுக்குக் கீழ என்ன அது?" என்று கேட்டார் ஆன்ட்டி. கொசு கடித்திருக்கும் என்றார் அவர். வலி இல்லை. கிளினிக்கில் மருந்து கொடுத்தார்கள். மருந்து முடிந்தும் கட்டி அப்படியே இருந்தது. "இதுக்கு மேல இது என்னவா இருக்கலாம்? எல்லாத்தையும் சொல்லுங்க" என்று அந்த டாக்டரிடம் கேட்டு, அன்றைக்கே பினாங்கு ஆஸ்பத்திரிக்குக் கடிதம் வாங்கிவிட்டார்.

நான்தான் காரில் அழைத்துப்போனேன். அங்கிளை ஓட்ட ஆன்ட்டி விடவில்லை. அங்கே எங்களுக்கு வாய்த்த டாக்டர் ஈப்போ பக்கத்துத் தமிழ்ப் பெண். மூக்கு வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பார்த்தாள். தொண்டையைப் பார்த்தாள். பிறகு ரத்தம் எடுக்க வேண்டும் என்றாள்.

"எதுக்கு ரத்தம்?" என்றார் ஆன்ட்டி.

"நம்ம நாட்டுல கழுத்துல கட்டின்னு வந்தா மூக்குக்குப் பின்னால பாப்போம் ஆன்ட்டி. அங்க வர்ற கேன்சருக்கும் ஒரு வைரசுக்கும் தொடர்பு இருக்கு. அந்த வைரஸ் அடையாளம் ரத்தத்துல தெரியும்."

"தெரிஞ்சா நோய் இருக்கு, தெரியலன்னா இல்ல. அப்படியா?"

"அப்படி நேரா சொல்லிட முடியாது. ரத்தம் ஒரு துப்புதான். சதைய எடுத்துப் பார்த்தாத்தான் உறுதி."

"அப்ப ரெண்டையும் எடுங்க."

டாக்டர் சிரித்துவிட்டாள். அங்கிள் பேசாமல் சட்டைக் கையை மடித்து நீட்டினார்.

முடிவு வாங்கப் போன அன்று அறையில் நானும் இருந்தேன். வெளியே உட்காருகிறேன் என்றதற்கு, "நீ இரு. நான் கேக்க மறந்தத நீ கேளு" என்று ஆன்ட்டிதான் கையைப் பிடித்து இழுத்தார்.

மூக்குக்குப் பின்னால் எதுவும் இல்லை, அந்த வைரஸும் ரத்தத்தில் இல்லை என்றாள் டாக்டர். ஆனால் தொண்டைக்குள் டான்சிலில் எடுத்த சதையில் புற்றுநோய் இருந்தது. அதற்குக் காரணம் இன்னொரு வைரஸ், எச்.பி.வி. பெண்களுக்குக் கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் கொண்டுவருகிற அதே கிருமி. இந்த வகை மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படும், தைரியமாக இருக்கலாம் என்றாள்.

"பொம்பளைங்களுக்கு வர்றது இவரு தொண்டைக்கு எப்படி வந்துச்சு?"

டாக்டர் ஒருமுறை அங்கிளைப் பார்த்தாள். பிறகு மறைக்காமல் சொன்னாள். உடலுறவில் ஒட்டும் கிருமி அது. வாய் வழியாகவும் ஒட்டும். வாழ்நாளில் பெரும்பாலானவர்களுக்கு அது வந்து, தெரியாமலே போய்விடும். சிலருக்குப் போகாமல் பல வருடம் ஒளிந்திருக்கும்.

அங்கிள் முழங்கால்மேல் இருந்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் அவசரமாகப் பேச்சை மாற்றினாள். "இதுக்கும் ஒரு ரத்தப் பரிசோதன வந்திருக்கு. கட்டியிலேருந்து உதிர்ற வைரஸ் துணுக்கு ரத்தத்துல மிதக்கும். இப்ப எவ்வளவு இருக்குன்னு பார்த்து வச்சுக்குவோம். சிகிச்ச முடிஞ்சப்புறம் அது காணாமப் போயிடுச்சான்னு பார்க்கலாம். புதுசு, வெளியூர் லேபுக்கு அனுப்பணும்."

"அந்த ரத்தத்துல," ஆன்ட்டியின் குரல் இறங்கியிருந்தது, "இது எப்ப உள்ள வந்துச்சுன்னு தெரியுமா?"

"தெரியாது ஆன்ட்டி. எப்ப, எங்க, யார்கிட்டேருந்துன்னு எந்த ரத்தமும் சொல்லாது. கல்யாணத்துக்கு முன்னாடியே வந்திருக்கலாம். உங்களுக்கே தெரியாம உங்ககிட்டேருந்து போயிருக்கலாம். தேடிக் கண்டுபிடிக்க வழியே இல்ல. இப்ப கட்டி இருக்கா இல்லியா, அத மட்டும்தான் அது சொல்லும்." கொஞ்சம் நிறுத்தி, "வேற ஏதாவது கேக்கணுமா?" என்றாள்.

"இல்ல" என்றார் ஆன்ட்டி. கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

எந்த இடத்திலிருந்தும் இன்னொரு கேள்வி கேட்காமல் அவர் எழுந்து நான் பார்த்ததில்லை.

ஆன்ட்டியும் கர்ப்பப்பை வாய்ச் சோதனை செய்துகொள்வது நல்லது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தாள். அரசாங்க கிளினிக்குக்கு நான் கூட்டிப்போனேன். சில வாரம் கழித்து முடிவு வந்தது. எந்தக் கோளாறும் இல்லை, கிருமியும் இல்லை. "நல்ல செய்திதானே ஆன்ட்டி" என்றேன்.

"இருந்திருந்தா நல்லாருந்திருக்கும்" என்றார். "என்கிட்டேருந்து போச்சுன்னு நெனச்சுக்குவேன்ல."

"பழசா வந்து போயிருக்கும். டாக்டர் சொன்னாங்களே."

அவர் முடிவுத் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

சிகிச்சை தொடங்கியது. கதிர்வீச்சுக்கு வாரநாளெல்லாம் பினாங்கு. ஊசி மருந்து வேறு. முதலில் அங்கிளுக்கு நாக்கில் ருசி போனது. பிறகு எச்சில் வற்றியது. வாய் முழுக்கப் புண். கழுத்துத் தோல் வெந்து கறுத்தது. மூக்கில் குழாய் போட்டு உணவு செலுத்தலாம் என்றார்கள். ஆன்ட்டி, கொஞ்சம் பொறுங்கள், நான் ஊட்டிப் பார்க்கிறேன் என்றார். கஞ்சியை அரைத்து, வடிகட்டி, கை பொறுக்கும் சூட்டில் கரண்டி கரண்டியாக ஊட்டுவார். ஒரு கிண்ணம் இறங்க ஒரு மணி நேரம்கூட ஆகும். அங்கிள் ஒவ்வொரு முறை விழுங்கும்போதும் ஆன்ட்டியின் தொண்டையும் சேர்ந்து விழுங்கும்.

ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் அமைதியாகிவிட்டது. "வாயத் தொறங்க", "மருந்து போடணும்", "படுத்துக்குங்க" என்று கேட்கும். கேள்வி ஒன்றுகூட இல்லை. ஆன்ட்டி இவ்வளவு பேசாமல் இருக்கும் வீட்டுக்குப் பக்கத்தில் வேலை செய்ய எனக்குக் கை வரவில்லை.

ஒருநாள் ஆஸ்பத்திரியில் ஆன்ட்டி மருந்து வாங்கும் வரிசையில் நின்றிருந்தார். நானும் அங்கிளும் காரில் இருந்தோம். புண் வாயோடு, ஒவ்வொரு சொல்லாக, அவராகவே பேச ஆரம்பித்தார்.

"அவ எதையும் விடமாட்டா. உனக்குத் தெரியும். இத மட்டும் கேக்க மாட்டேங்குறா."

நான் கார்க் கண்ணாடியை ஏற்றினேன்.

"கேட்டா சொல்லிடுவேன். கேக்காம நானா எப்படிச் சொல்றது? லாரி ஓட்டுன காலத்துல, பார்டர் தாண்டி..."

"அங்கிள், வேணாம். அத நான் கேக்கக்கூடாது. ஆன்ட்டிதான் மொதல்ல கேக்கணும்."

அவர் கண்ணை மூடிக்கொண்டு தலையைச் சாய்த்துக்கொண்டார். கண்ணோரத்திலிருந்து நீர் வழிந்தது. எச்சில்கூட ஊறாத உடம்பில் அது மட்டும் எங்கிருந்து வந்ததோ.

அன்று மாலை ஆன்ட்டியின் சமையலறைக்குப் போனேன். கஞ்சி வடிகட்டிக்கொண்டிருந்தார். தலையிடக்கூடாது என்று நினைத்துக்கொண்டே சொல்லிவிட்டேன்.

"நீங்க கேப்பீங்கன்னு அங்கிள் காத்துக்கிட்டு இருக்காரு."

"தெரியும்."

"அப்புறம் ஏன் ஆன்ட்டி?"

கரண்டியால் வடிகட்டியை அழுத்தித் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது. கேட்டா சொல்லிடுவாரு. சொல்லிட்டாருன்னா நாளைக்கு இந்தக் கஞ்சிய இதே கையாலதான் ஊட்டணும். என் கை வருமான்னு எனக்குத் தெரியல. வராமப் போயிட்டா? அவரு செத்துப்போவாரு." கிண்ணத்தை எடுத்துக்கொண்டார். "மொதல்ல அவரு முழுங்கட்டும்."

அங்கிள் தேறினார். குழாய் வைக்காமலே தேறினார். சில மாதம் கழித்து ஸ்கேனும் அந்த ரத்தப் பரிசோதனையும் எடுத்தார்கள். முடிவு வெளியூரிலிருந்து வர நாளானது. போய் உட்கார்ந்தபோது டாக்டர் கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பினாள். முன்பு ரத்தத்தில் இருந்த வைரஸ் துணுக்குகள் இப்போது இல்லை. ஸ்கேனிலும் கட்டி இல்லை. இனிமேல் தவறாமல் வந்து ரத்தம் கொடுக்க வேண்டும், மறுபடி தலைகாட்டினால் சீக்கிரமே தெரிய வாய்ப்பு உண்டு என்றாள். ஆன்ட்டி அவள் கைகளைப் பிடித்து முத்தமிட்டார்.

திரும்பும் வழியில், "தஞ்சோங் டாவாய் பக்கம் விடு" என்றார் ஆன்ட்டி.

மீன் வாங்கத்தான் என்று நினைத்தேன். ஆற்றுமுகத்துப் படகுத்துறையில் இறங்கியதும், "நீ போய் மீன் பாரு. நாங்க இங்க உக்காந்திருக்கோம்" என்றார். நான் மீன் கடையில் நின்று பார்த்தேன். சிமெண்டுப் பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். ஆன்ட்டி அவர் பக்கம் திரும்பி ஏதோ கேட்டார். சின்னக் கேள்வி. அங்கிள் பதில் சொல்ல ஆரம்பித்தார். இத்தனை நாளில் அவர் அவ்வளவு நேரம் பேசி நான் பார்த்ததில்லை. நடுவில் தண்ணீர்ப் புட்டியை எடுத்துத் தொண்டையை நனைத்துக்கொண்டு மறுபடி பேசினார். ஆன்ட்டி குறுக்கிடவில்லை. அங்கிள் முடித்ததும் ஆன்ட்டி எழுந்து, துறையின் கடைசிவரை தனியாக நடந்துபோய், தண்ணீரைப் பார்த்து நின்றார். எனக்குப் பயமாகிவிட்டது. மீனைப் போட்டுவிட்டு ஓடினேன். நான் நெருங்குவதற்குள் அவரே திரும்பி வந்து, "வீட்டுக்குப் போலாம்" என்றார்.

மறுநாள் காலையில் ஆன்ட்டி என் வாசலில் ஒரு துணிப்பையோடு நின்றார். பாலிங்கில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போவதாகச் சொன்னார்.

"கேட்டேன். சொன்னாரு. பார்டர் தாண்டி ஒரு பொம்பள. நான் ஃபேக்டரியில நைட் ஷிஃப்டு போய்க்கிட்டு இருந்த வருஷம். மக கைக்குழந்த. பக்கத்து வீட்டுல விட்டுட்டுப் போவேன்." குரல் உடையவில்லை. "அதாலதான் இந்த நோய் வந்துச்சுன்னு நான் சொல்லமாட்டேன். அது யாருக்கும் தெரியாதுன்னு டாக்டரே சொல்லிட்டாங்க. ஆனா இது தெரிஞ்சிருச்சு. அத வச்சுக்கிட்டு அங்க இருக்க முடியல. அவருக்குச் சோறு கொழைவா ஆக்கிக் குடு. காரம் போடாத."

அங்கிள் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிடவும் இல்லை, தடுக்கவும் இல்லை. மகள் ஜொகூரிலிருந்து வந்து கொஞ்ச நாள் இருந்தாள். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் என்ன சண்டை என்று என்னிடம் கேட்டாள். அவர்களையே கேள் என்றேன். அவள் கேட்கவில்லை.

அடுத்த ரத்தப் பரிசோதனைக்கு அங்கிளை நான் அழைத்துப்போனேன். உள்ளே நுழைந்தால், காத்திருக்கும் இடத்தில் ஆன்ட்டி உட்கார்ந்திருந்தார். பாலிங்கிலிருந்து பஸ் மாறி மாறி வந்திருக்கிறார். அங்கிள் போய் உட்கார்ந்தார். இருவருக்கும் நடுவில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. தாதி அங்கிள் பெயரைக் கூப்பிட்டதும் முதலில் எழுந்தது ஆன்ட்டிதான்.

டாக்டர் அறையில் அவர் அங்கிளோடு பேசவில்லை. எல்லாக் கேள்வியும் டாக்டரிடமே.

"இவரு ராத்திரியில தொண்ட காஞ்சு முழிச்சுக்கிறாரான்னு கேளுங்க டாக்டர்."

டாக்டர் குழம்பிப்போய் அங்கிளைப் பார்த்தாள்.

"முழிச்சுக்கிறேன்" என்றார் அங்கிள், டாக்டரிடம்.

"பக்கத்துல தண்ணி வச்சுக்கிட்டுப் படுக்கிறாரா?"

"வச்சுக்கிறேன்."

திரும்பும்போது ஆன்ட்டியும் எங்கள் காரில்தான் வந்தார், சுங்கை பட்டாணி பஸ் நிலையம்வரை. அவர் இறங்கிக் கதவைச் சாத்தப்போகும்போது அங்கிள் கேட்டார்.

"எப்ப வருவ?"

அங்கிள் ஆன்ட்டியிடம் ஒரு கேள்வி கேட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை. ஆன்ட்டி கதவைப் பிடித்தபடி நின்றார்.

"அடுத்து ரத்தம் எப்ப எடுப்பாங்க?"

அங்கிள் மாதத்தைச் சொன்னார்.

"அன்னிக்கு வர்றேன்."

அப்படியே வந்தார். அதற்கடுத்த முறையும் வந்தார். ஒவ்வொரு முறையும் அதே காலி நாற்காலி, டாக்டர் வழியாக அதே பேச்சு, போன முறை எடுத்த ரத்தத்தின் முடிவு நன்றாக இருக்கிறது என்று தெரிந்ததும் பஸ் நிலையம். நானும் பழகிவிட்டேன்.

நான் அந்த வீட்டைக் காலி செய்து கோலாலம்பூர் வருவதற்குக் கொஞ்சம் முன்பு, ஒரு பரிசோதனை முடிந்து திரும்பிக்கொண்டிருந்தோம். நல்ல மழை. நெடுஞ்சாலையிலிருந்து ஊருக்குள் வந்து, பஸ் நிலையத்துக்குத் திரும்ப வேண்டிய சந்திப்பு நெருங்கியது. வழக்கமாக அந்த இடத்தில், "இங்க ஓரமா நிறுத்தும்மா" என்று பின்னாலிருந்து ஆன்ட்டியின் குரல் வரும். சிவப்பு விளக்கில் வண்டியை நிறுத்தினேன். குரல் வரவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். ஆன்ட்டி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கிள் மூச்சுவிடாதவர்போல நேராக உட்கார்ந்திருந்தார்.

விளக்கு பச்சைக்கு மாறியது. பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது. நான் ஒன்றும் கேட்காமல் வண்டியை நேராக வீட்டுப் பக்கம் விட்டேன்.